போதையில் கைதான இரவுக்குப் பிறகு: எந்தப் பிரிவு, என்ன விளைவு

வார இறுதி இரவில் நண்பர்களோடு குடித்துவிட்டு வண்டி எடுத்த ஒருவர், வழியில் போக்குவரத்துப் போலீசாரால் நிறுத்தப்பட்டு, கருவியில் ஊதி, சீட்டில் கையெழுத்திட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு விடியற்காலையில் வீடு வந்து சேர்கிறார். இன்னொருவர் மதுக்கடை வாசலில் நடந்த தள்ளுமுள்ளுக்காகக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டு, காலையில் ஜாமீனில் வெளியே வருகிறார். சிறைக்குப் போக வேண்டியிருக்குமா, வேலை போய்விடுமா, பாஸ்போர்ட் கிடைக்குமா என்று மறுநாள் இருவருமே அஞ்சுகிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவர்களுடைய நிலை ஒன்றல்ல. வழக்கின் எடையைத் தீர்மானிப்பது எவ்வளவு குடித்தார் என்பதோ எத்தனை மணி நேரம் காவல் நிலையத்தில் இருந்தார் என்பதோ அன்று. தாளில் எந்தப் பிரிவின் எண் எழுதப்பட்டிருக்கிறது என்பதே. தமிழ்நாட்டில் இன்று நடைமுறையில் உள்ள சட்டத்தை வைத்து இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

குடி எப்போது குற்றமாகிறது

இருபத்தொரு வயது நிரம்பிய ஒருவர் தமிழ்நாட்டில் சட்டப்படி விற்கப்படும் மதுவை வாங்கிக் குடிப்பது குற்றமன்று. குடித்த பின் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தே வழக்கு பிறக்கிறது. பெரும்பாலான வழக்குகள் கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாகவோ ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தோ வருகின்றன.

1. பொது இடத்தில் போதையில் தொல்லை தருவது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆவது பிரிவு இதற்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 510-ஆவது பிரிவில் இதற்கான அபராதம் வெறும் 10 ரூபாயாக இருந்தது. இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக வகைப்படுத்தப்படவில்லை. ஆகவே சென்னை போன்ற நகரங்களில் போலீசார் 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டத்தில் உள்ள 75-ஆவது பிரிவை நாடுவதுண்டு. பேச்சு வழக்கில் 'பெட்டி கேஸ்' என்பது பெரும்பாலும் இதுதான். இந்த வகையோடு வழக்கு நின்றுவிட்டால் கவலையின் பெரும்பகுதி தேவையற்றது.

2. போதையில் வண்டி ஓட்டுவது, அல்லது ஓட்ட முயல்வது. இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு. 'முயல்வது' என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. வண்டி நகர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் முதல் முறை அபராதம் 2,000 ரூபாயைத் தாண்டாது. உயர்த்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. போதையில் இருப்பவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவர்மீதும் வழக்குப் பதிவாகும் எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அப்போது அறிவித்தது; குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதைப் பற்றிய 188-ஆவது பிரிவு அதற்கு அடிப்படை.

3. போலீசாருடன் தகராறு. ஒரு சிறு வழக்கைப் பெரிய வழக்காக்குவது பெரும்பாலும் இதுவே. பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்குவதும் அவர்மீது வன்முறையைப் பிரயோகிப்பதும் நியாய சன்ஹிதாவின் 132-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பிணையில் விடத்தக்கதும் அன்று. காயம் ஏற்பட்டிருந்தால் தண்டனை இன்னும் கூடும். வெறும் சொற்கள் தாக்குதல் ஆகா என்று தாக்குதல் பற்றிய சட்ட வரையறையின் விளக்கக் குறிப்பே கூறுகிறது. ஆனால் சொல்லோடு கையோங்கலும் சேர்ந்திருந்தால், அந்தக் கையோங்கலுக்கு என்ன பொருள் என்பதைச் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். கத்தினாரா, தள்ளினாரா என்ற வேறுபாடு வழக்கறிஞருக்கு மிக முக்கியமானது. அந்தக் காட்சி கேமராவில் பதிவாகியிருந்தால் அதை உடனே தேட வேண்டும்.

4. விபத்து. யாருக்கேனும் காயம் ஏற்பட்டிருந்தால் நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவும், கவனக்குறைவால் உயிர் போயிருந்தால் 5 ஆண்டு வரை சிறை விதிக்கும் 106-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவும் வரும். விபத்துக்குப் பின் தகவல் தராமல் ஓடிவிடுபவருக்கு 10 ஆண்டு வரை தண்டனை விதிக்கும் இரண்டாம் உட்பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. இதை வைத்து நிம்மதி அடைய முடியாது. குடித்துவிட்டு ஓட்டினால் உயிர் போகலாம் என்று தெரிந்தே ஓட்டியதாக நீதிமன்றம் கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற கடும் குற்றச்சாட்டு வரும். மும்பை கார்ட்டர் சாலையில் 2006-இல் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் கார் ஏறி இறந்த வழக்கிலும், தில்லியில் 1999-இல் ஆறு பேர் இறந்த பி.எம்.டபிள்யூ. வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2012-இல் அப்படித்தான் முடிவு செய்தது.

30 மில்லிகிராம் என்ற எல்லை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு சொல்லும் எல்லை, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினாலே குற்றம் நிறைவடைந்துவிடும். தள்ளாடாமல் நேராக நடந்ததும் தெளிவாகப் பேசியதும் இங்கே எதிர்வாதம் ஆகா.

மறுநாள் காலையில் சிக்குகிறவர்களின் குழப்பமும் இந்த எண்ணிலிருந்தே வருகிறது. ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை உடல் ஏறத்தாழ மணிக்கு 15 மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் குறைக்கிறது; ஆளுக்கு ஆள் சற்றுக் கூடலாம், குறையலாம். நள்ளிரவு 12 மணிக்கு 150 மில்லிகிராம் இருந்தவருக்கு, காலை 8 மணிக்குத்தான் அது 30-க்கு இறங்கும். ஆறு மணிக்கு முகம் கழுவி, காபி குடித்து, தெளிவாக இருப்பதாக நம்பி வண்டி எடுப்பவரின் உடலில் அப்போதும் 60 இருக்கும். காபியோ குளியலோ தூக்கமோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

ஊதும் கருவி மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, அதிலிருந்து ரத்த அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அப்போதுதான் குடித்தவரின் வாயில் தங்கிய மது அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், சில நிமிடங்கள் கழித்து மீண்டும் ஊதவைக்குமாறு கேட்பது நியாயமானது. ஊத மறுப்பது வேறு கதை: குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அதே சட்டத்தின் 203-ஆவது பிரிவின்படி மறுப்பவரையே பிடியாணையின்றிக் கைது செய்யலாம். மறுத்த செயலையும் 205-ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். மறுப்பதால் வழக்கிலிருந்து தப்பலாம் என்று நண்பர்கள் சொல்லும் யோசனை தவறானது.

கைதின்போது ஓடும் கடிகாரங்கள்

கைது என்பது தண்டனை அன்று. அது விசாரணைக்கான ஒரு நடவடிக்கை; அதற்கென்று சட்டம் நேர வரம்புகளை வைத்திருக்கிறது. அவற்றில் பலருக்கும் தெரியாத ஒன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆவது பிரிவில் இருக்கிறது. 185-ஆவது பிரிவின்கீழ் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். தவறினால் அவரைக் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆகவே சீட்டில் அச்சாகியிருக்கும் நேரமும் அரசு மருத்துவமனைப் பதிவில் உள்ள நேரமும் பிற்பாடு மிகுந்த மதிப்புள்ளவை ஆகின்றன. ஊதிய நேரம் 11.40, மருத்துவர் பார்த்த நேரம் 2.25 என்றிருந்தால், அதை வழக்கறிஞரிடம் முதலில் சொல்ல வேண்டும். காவலில் வைத்தது முறைதானா என்ற கேள்வியை அது எழுப்பும். வழக்கையே அது முடித்துவிடும் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது.

மற்ற வரம்புகள் எல்லாக் கைதுகளுக்கும் பொதுவானவை. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதைக் குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அப்பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். இவற்றில் பின்னிரண்டும் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வகுத்த நெறிகள். இன்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இடம்பெற்றுள்ளன. கைதுக்கான காரணத்தை எழுத்து வடிவில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக ஆக்கியது. மும்பை வோர்லியில் 2024 ஜூலையில் ஒரு பெண் உயிரிழந்த கார் விபத்தில் கைதானவர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது.

ஜாமீனைப் பொறுத்தவரை, 185-ஆவது பிரிவு பிணையில் விடத்தக்க குற்றம். அதில் ஜாமீன் என்பது அதிகாரி காட்டும் கருணை அன்று, கைதானவரின் உரிமை. காவல் நிலையத்திலேயே தரலாம். 132-ஆவது பிரிவு சேர்ந்திருந்தால் முடிவு நீதிமன்றத்தின் கையில் போய்விடுகிறது. ஆயினும் ஏழு ஆண்டு வரையிலான தண்டனைக்குரிய குற்றங்களில் தேவையின்றிக் கைது செய்யக்கூடாது என்ற அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014) அங்கும் பொருந்தும். பெரும்பாலானவற்றில் ஆஜராகும்படி அறிவிப்பு அனுப்புவதே முறை.

வண்டியைப் பற்றியும் ஒரு சொல். போதையில் இல்லாத, உரிமம் உள்ள ஒருவர் வந்து கேட்டால் வண்டியை அவரிடம் கொடுக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. தமிழ்நாட்டுப் போலீசாரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், வாதமாக எடுத்து வைக்கலாம்.

'எதுவும் நினைவில்லை' என்பது எதிர்வாதமா

இரவில் நடந்தது நினைவில் இல்லாததுதான் இந்தக் கவலையின் மிகக் கடுமையான பகுதி. சட்டம் இதில் கறாராக இருக்கிறது. தானாக விரும்பிக் குடித்தவர், தெளிவோடு இருந்திருந்தால் அவருக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவோடுதான் செயல்பட்டதாக நியாய சன்ஹிதாவின் 24-ஆவது பிரிவு கொள்கிறது. பிறர் அவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றியிருந்தால் மட்டுமே 23-ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு.

உச்ச நீதிமன்றத்தின் 1956-ஆம் ஆண்டு பாஸ்தேவ் வழக்கை இன்றும் இதற்கு மேற்கோள் காட்டுகிறார்கள். கல்யாண விருந்தில் நன்றாகக் குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர், தமக்கு வசதியான இடத்தில் உட்கார்வதற்காக ஒரு சிறுவனைச் சற்றுத் தள்ளிப் போகச் சொன்னார். சிறுவன் நகரவில்லை. அவர் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். தாமாக நடமாடவும் பேசவும் முடிந்த ஒருவருக்குத் தாம் செய்வது தெரிந்தே இருந்தது என்று கூறி, கொலைக் குற்றத் தீர்ப்பை நீதிமன்றம் உறுதி செய்தது.

எனவே நினைவில்லாதவர் செய்யக்கூடிய பெரும் தவறு, நினைவில்லாததை ஊகித்து நிரப்பி வாக்குமூலம் தருவது. நினைவிருப்பதை மட்டும் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். கட்டண ரசீது, கைப்பேசி அழைப்புப் பட்டியல், வாடகைக் கார் செயலியின் பதிவு ஆகியவை மீதியைச் சொல்லும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மதுவாடை, தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்வதை, ரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ இல்லாத ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-இல் ஏற்க மறுத்தது. அளவீடே இல்லாத வழக்கில் இது வலிமையான பிடி.

அபராதம் கட்டினால் முடிந்ததா

இந்த இடத்தில்தான் மிகுதியானோர் தவறு செய்கிறார்கள் என்பது என் கருத்து. தலைக்கவசம் அணியாததற்குச் சாலையிலேயே கட்டும் அபராதமும் போதையில் ஓட்டியதற்கு நீதிமன்றத்தில் கட்டும் அபராதமும் ஒன்றென்று எண்ணுகிறார்கள். முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவில் சொல்லப்படும் சமரசத் தீர்வு. 185-ஆவது பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். அங்கே குற்றச்சாட்டின் சாரத்தைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். "ஆமாம், ஐயா" என்ற ஒரு சொல்லில் வழக்கு முடியும். பத்தாயிரம் ரூபாயும் கட்டப்படும். சட்டத்தின் மொழியில் அது குற்றத் தீர்ப்பு. தாமே ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் தவிர வேறெதையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய இயலாது.

ஒப்புக்கொள்வதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. கருவியில் 120 காட்டி, மருத்துவரும் உறுதிசெய்து, நேர வரம்புகளும் சரியாக இருந்தால், ஒப்புக்கொண்டு அபராதத்தோடு முடிப்பதே பலருக்கு நல்லது. ஆனால் அது தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். அதற்கு முன் வழக்கறிஞரிடம் மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும்:

1. அளவீடும் மருத்துவச் சான்றும் சட்டம் கேட்கும் முறையில் உள்ளனவா?

2. சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேல் கழித்துத்தான் வழக்குப் பதிவாகியோ நீதிமன்றத்தில் புகார் தாக்கலாகியோ இருக்கிறதா? ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் கால வரம்பு ஓராண்டுதான்.

3. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் எச்சரிக்கையோடு விடுவிக்குமாறு கோர முடியுமா? அச்சட்டத்தின் 12-ஆவது பிரிவு, குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. இது நீதிபதியின் விருப்புரிமை. கேட்டால் கிடைத்துவிடும் என்ற உறுதி இல்லை. அரசுப் பணிக்குத் தயாராகும் இளைஞருக்குக் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று.

உரிமமும் காப்பீடும்

போலீசார் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே விளக்கம் கேட்டபின், முதல் முறையானால் மூன்று மாதம் தகுதியிழப்பும் மறுமுறையானால் உரிமத்தையே ரத்துசெய்வதும் சட்டத்தில் உண்டு. இது நீதிமன்ற வழக்கிலிருந்து தனியானது. அந்த அறிவிப்புக்குப் பதில் அனுப்பாமல் இருப்பதும் தகுதியிழந்த மூன்று மாதத்தில் வண்டி ஓட்டுவதும் புதிய சிக்கலை இழுத்துவரும்.

விபத்து நேர்ந்திருந்தால், சொந்த வண்டியின் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். ஊதும் சோதனையே நடக்காவிட்டாலும் சூழ்நிலைகளை வைத்து நிறுவனம் போதையை நிரூபிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குற்ற வழக்குக்குத் தேவைப்படும் நிரூபணமும் காப்பீட்டு வழக்குக்குத் தேவைப்படும் நிரூபணமும் வேறு வேறு.

வேலை, பாஸ்போர்ட், விசா

அரசு ஊழியருக்கு முதல் ஆபத்து தீர்ப்பில் இல்லை, காவலின் நீளத்தில் இருக்கிறது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகவே பணி விதிகள் கொள்கின்றன. ஆகவே அரசு ஊழியர் ஜாமீன் விஷயத்தில் ஒரு நாளைக்கூட வீணாக்கக்கூடாது.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்குப் படிவமே தேர்வு. வழக்கு ஏதேனும் உண்டா என்று கேட்கும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவது, பல நேரங்களில் வழக்கைவிடப் பெரிய கேட்டைச் செய்கிறது. அவதார் சிங் வழக்கில் (2016) மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, சிறு குற்றங்களை மறைத்ததை வேலை தருபவர் மன்னிக்கலாம் என்றது. மன்னிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் முடிவு வேலை தருபவருடையதே என்றாலும், உண்மையைச் சொன்னவரின் கையில் வாதாடுவதற்கு இடம் இருக்கிறது.

பாஸ்போர்ட் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகையானது. மறுப்பதற்கான காரணங்களில் இங்கே பொருந்தக்கூடியவை இரண்டு: ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருப்பது; குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது. அபராதத்தோடு முடிந்த முதல் முறை வழக்கு இவை இரண்டிலும் வராது. நிலுவையில் இருக்கும் வழக்குக்கும் வழி உண்டு. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி பெற்றால் பாஸ்போர்ட் தரலாம் என்று 1993-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை கூறுகிறது. மறைத்து விண்ணப்பிப்பது மட்டும் தனிக் குற்றம்.

அமெரிக்க விசா இதற்கு நேர்மாறானது. அதன் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்றே கேட்கிறது. கடந்த 5 ஆண்டுகளுக்குள் குடிபோதை தொடர்பான ஒரு கைது இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பப்படலாம். விசா பெற்று அங்கே பணிபுரிபவர் அங்கேயே போதையில் வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு தீரும் முன்பே விசா ரத்தாகக்கூடும். அந்த நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கும் உரிமை அதனால் உடனே போய்விடாது. ஊருக்கு வந்து திரும்பிச் செல்லத்தான் மீண்டும் விசா நேர்காணலுக்கு நிற்க வேண்டும். ஐ.டி. பணியில் இருப்பவர்கள், தங்கையின் திருமணத்துக்கு விமானச் சீட்டு எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் நிலைக்குப் போகக்கூடாது.

மறுநாள் செய்ய வேண்டியவை

1. கையில் உள்ள ஒவ்வொரு தாளையும் படமெடுத்து வைக்கவும்: கருவியில் ஊதியபோது தந்த சீட்டு, கைதுக் குறிப்பு, ஜாமீன் பத்திரம், வண்டிக்கான ரசீது. கைதானவரின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு, கேட்டு வாங்கவும். உடம்பில் காயம் இருந்தால் அதையும் அன்றே படமெடுக்கவும்.

2. எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, அதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம்.

3. கேமராப் பதிவு வேண்டுமென்றால் அன்றே எழுத்து மூலம் கேட்கவும். பல கடைகளின் பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடும்.

4. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

5. நீதிமன்றம் குறித்த தேதியைத் தவறவிட வேண்டாம். பத்தாயிரம் ரூபாயோடு முடிந்திருக்கக்கூடிய வழக்கில் பிடியாணை பிறப்பது, தேதியன்று ஆள் வராததால்தான்.